குழந்தையின் முதலாவது பிறந்த நாளைத் திட்டமிடல்

மாணவர்களே, புத்தளம், கற்பிட்டிக் கரையோரங்களில் மீன்பிடியையும் உப்பு உற்பத்தியையும் நம்பி வாழும் குடும்பங்களின் வருமானம் பருவத்துக்குப் பருவம் மாறுபடும். மழை பெய்தால் உப்பளத்தில் வேலை நிற்கும். காற்று கடுமையானால் படகு கடலுக்குப் போகாது. இத்தகைய குடும்பமொன்று நகையை அடகு வைத்து விழா எடுத்தால், வருமானம் குறைந்த மாதங்களிலும் வட்டி கட்ட நேரிடும். அப்போது குழந்தையின் முட்டைக்கும் பழத்துக்கும் பணம் போதாமற் போகலாம்.

ஆகவே எளிமையாகத் திட்டமிடுக.

1. அழைப்பு: ஒரு வயதுக் குழந்தை கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் மிரளும். வீட்டாரும் பாட்டன், பாட்டியும் போதும்.

2. நேரம்: குழந்தை உறங்கி எழுந்த பின்னரான வேளையைத் தெரிவு செய்க.

3. உணவு: பாற்சோறு, வாழைப்பழம், அவித்த முட்டை பொருத்தமானவை. முழு நிலக்கடலை, கடின இனிப்பு என்பன தொண்டையில் சிக்கும், தவிர்க்குக.

4. பாதுகாப்பு: வெடித்த பலூன் துண்டுகளை உடனே அகற்றுக. அவையும் மூச்சை அடைக்கும்.

5. சுகாதாரம்: 12 மாதம் பூர்த்தியானதும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இலங்கையில் இலவசமாக வழங்கப்படுகிறது. கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதே பெறுமதியான பிறந்த நாள் பரிசு.

பயிற்சி: கடன்பட்டு விழா எடுப்பதால் குடும்ப வள முகாமைத்துவம் பாதிக்கப்படும் விதங்கள் இரண்டைத் தருக.