சிந்திய அமுதும் சேர்ந்த திருவருளும்

திருக்கோயிலுக்குச் செய்யும் தொண்டு எதுவாயினும் அது குறைவின்றி நிறைவேற வேண்டும் என்பதே தொண்டரின் விருப்பம். பூக்குடலை கவிழாமல், திருவிளக்கு அணையாமல், திருவமுது சிந்தாமல் இறைவன் திருமுன் சென்று சேர வேண்டும் என்று அவர் கருதுகிறார். ஆயினும் மனிதரின் கை தளர்வதும், கால் இடறுவதும், கலம் கவிழ்வதும் உலகியல்பு. இளைஞர்களையும் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு தொண்டு புரிவோருக்கு இத்தகைய இடையூறுகள் அடிக்கடி நேர்கின்றன. பழகாத கைகளும் ஆர்வத்தால் விளையும் விரைவும் சேரும் இடத்தில் ஏதேனும் ஒன்று சிந்தாமல் இருப்பதே அரிது.

அவ்வாறு ஒன்று நேரும் கணத்தில், தலைமை தாங்கும் பெரியவரின் உள்ளம் எதை முதலில் நாடுகிறது என்பதே எண்ணிப் பார்க்கத் தக்கது. சிந்திய பொருளை நாடுகிறதா, சிந்தியவனைச் சினக்கிறதா, இறைவனை நினைக்கிறதா? அக்கணத்தில் அவர் வாயிலிருந்து வரும் முதற்சொல், பல நாள் சொற்பொழிவைக் காட்டிலும் ஆழமாக இளம் உள்ளங்களில் பதிந்துவிடும். இதனைத் தெளிவாக உணர்த்துவது அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான அரிவாட்டாய நாயனாரின் வரலாறு.

கணமங்கலத்துத் தாயனார்

சோழ நாட்டில் கணமங்கலம் என்னும் ஊரில் வேளாளர் குலத்தில் தோன்றியவர் தாயனார். திருவாரூர் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டியை அடுத்துள்ள தண்டலைச்சேரிப் பகுதி அவருடைய திருவூராகப் போற்றப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் இவருடைய வரலாற்றை விரித்துரைக்கிறது.

தாயனார் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர். நாள்தோறும் செந்நெல் அரிசி அமுதும், செங்கீரையும், மாவடுவும் இறைவனுக்குப் படைப்பதை நியமமாகக் கொண்டிருந்தார். அவருடைய அன்பின் திண்மையை உலகம் அறிய வேண்டும் என்று இறைவன் திருவுள்ளம் கொண்டார். செல்வம் அனைத்தும் நீங்கியது. நிலக்கிழாராக இருந்தவர், பிறர் வயலில் கூலிக்கு நெல் அறுக்கலானார். செந்நெல்லாகக் கிடைத்த கூலியை இறைவனுக்கு ஆக்கினார். கார்நெல்லாகக் கிடைத்ததைக் கொண்டு தாமும் மனைவியாரும் உயிர் வாழ்ந்தனர்.

பின்னர் அவ்வூர் வயல்களெல்லாம் செந்நெல்லாகவே விளைந்தன. கிடைத்த கூலி முழுவதும் இறைவனுக்கே என்று தாயனார் மகிழ்ந்தார். தமக்கு நெல் இல்லாமற் போனதை அவர் இழப்பாகக் கருதவில்லை. மனைவியார் கொல்லையில் விளைந்த கீரையைச் சமைத்து இட, அதனை உண்டு தொண்டு செய்தார். கீரையும் தீர்ந்தபின் இருவரும் தண்ணீரை உண்டு நாளைக் கழித்தனர். இறைவனுக்கு உரிய அமுது மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

ஒருநாள் செந்நெல் அரிசியும் கீரையும் மாவடுவும் நிறைந்த கூடையைத் தலையில் சுமந்து அவர் முன்னே நடந்தார். பால், தயிர், நெய் முதலிய ஆனைந்து நிறைந்த மட்கலத்தை ஏந்தி மனைவியார் பின்னே வந்தார். பசியால் மெலிந்த உடல் தள்ளாடியது. தாயனாரின் கால் தவறியது. அம்மையார் மட்கலத்தை மூடியிருந்த கையாலேயே கணவரை அன்போடு அணைத்தார். ஆயினும் கொண்டு வந்த அனைத்தும் நிலவெடிப்பாகிய கமரில் சிந்திப்போயின.

இறைவன் அமுது செய்யும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்று தாயனார் கலங்கினார். இனிக் கோயிலுக்குச் செல்வதில் என்ன பயன் என்று நைந்து, கையிலிருந்த அரிவாளைத் தம் கழுத்தில் பூட்டினார். அப்போது அந்தக் கமரிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகள் ஒருசேரத் தோன்றின. அம்பலத்தாடும் பெருமானின் திருக்கரம் நீண்டு வந்து அவருடைய கையைப் பற்றியது. மாவடுவைக் கடிக்கும் ‘விடேல் விடேல்’ என்னும் ஓசையும் உடன் எழுந்தது. அறுபட்ட கழுத்தின் ஊறு நீங்கியது. தாயனார் கைகூப்பி நின்று போற்ற, இறைவன் விடைமேல் காட்சி தந்து இருவரையும் தம் திருவடி நிழலில் சேர்த்தருளினார். அரிவாளைப் பூட்டியதனால் தாயனார் அரிவாட்டாயர் எனப் பெயர் பெற்றார். தைத் திங்கள் திருவாதிரை நாளில் அவருடைய குருபூசை நடைபெறுகிறது.

வரலாறு உணர்த்தும் உண்மைகள்

இவ்வரலாற்றில் நேர்ந்தது மிக எளிய நிகழ்ச்சி. வழியில் நடந்த ஒருவர் தடுமாறினார், கூடை கவிழ்ந்தது. எந்த வீட்டிலும் எந்தத் தெருவிலும் நிகழக்கூடியதே அது. அந்த எளிய நிகழ்ச்சியில் மூன்று உண்மைகள் பொதிந்துள்ளன.

முதலாவது, தாயனார் தடுமாறியது கவனக்குறைவினால் அன்று, பசியினால். அப்பசி அவர் இறைவன்பால் வைத்த அன்பினால் விளைந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிந்திய அரிசி மட்டுமே தெரியும். அவர் எத்தனை நாள் உண்ணாமல் நடந்தார் என்பது தெரியாது. ஆதலால் தவறு நேர்ந்தவுடன் பழி கூறுவது, முழுவதும் அறியாமலே தீர்ப்பு உரைப்பதாகும். காரணத்தை அறிய முற்படுவதே பெரியோர் செயல்.

இரண்டாவது, அம்மையாரின் கை. அவர் காக்க வேண்டியிருந்த கலமும் இறைவனுக்கு உரியதே. எனினும் கணவர் தடுமாறிய கணத்தில், கலத்தை மூடியிருந்த கை அவரைத் தாங்க நீண்டது. பூசைப் பொருளும் புனிதமானது. அதனைச் சுமந்து வரும் அடியவரும் புனிதமானவர். இரண்டில் ஒன்றையே முதலில் காக்க இயலும் என்னும் நிலையில் அந்தக் கை எங்கே சென்றது என்பதைத் தலைமை தாங்குவோர் மறத்தலாகாது.

மூன்றாவது, இறைவனின் திருக்கரம். தாயனார் தம்மைத் தண்டித்துக்கொள்ள முற்பட்டதைப் பிறர் பின்பற்றுவதற்கு உரிய நெறியாகக் கொள்ளுதல் கூடாது. அத்தண்டனையை இறைவனே தடுத்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. மறுபடியும் அமுது கொண்டு வா என்று அவர் பணிக்கவில்லை. ஏன் சிந்தினாய் என்று வினவவும் இல்லை. சிந்திய இடத்திலேயே அமுது செய்தார். கை பற்றியதும் மாவடு கடித்ததும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. அடியவரைக் காப்பதும் அவர் காணிக்கையை ஏற்பதும் அருளுக்கு வேறுவேறல்ல. மாவடு கடிபடும் ஒலியாகிய ‘விடேல்’ என்பதற்குத் தமிழில் ‘விட்டுவிடாதே’ என்னும் பொருளும் உண்டு. தவறு நேர்ந்ததனால் தொண்டை விட்டுவிட எண்ணும் உள்ளத்துக்கு இதனைக் காட்டிலும் ஆறுதலான சொல் வேறில்லை.

ஓடத்தில் ஏறிய இளந்தலைவர்

தொண்டர் கூட்டத்தை வழிநடத்துவோருக்கு மற்றொரு நல்ல எடுத்துக்காட்டு திருஞானசம்பந்தப் பெருமான். மூன்று வயதில் சீகாழியில் ஞானப்பால் உண்டு, பதினாறு வயதில் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்தவர் அவர். தம்மினும் மூத்த அடியார் பலரை உடன் அழைத்துக்கொண்டு தலந்தோறும் நடந்த இளந்தலைவர்.

திருக்கொள்ளம்பூதூரை வழிபடச் சென்றபோது முள்ளியாற்றில் வெள்ளம் பெருகியது. ஓடக்காரர்கள் ஓடத்தைக் கரையில் கட்டிவிட்டுச் சென்றுவிட்டனர். பெருமான் ஓடக்காரர்களைக் குறை கூறவில்லை. ஓடத்தை அவிழ்த்து, அடியார்களை அதில் ஏற்றித் தாமும் ஏறித் திருப்பதிகம் பாடினார். அவருடைய நாவே துழாவும் கோலாயிற்று. ஓடம் அக்கரை சேர்ந்தது. இந்நிகழ்ச்சியை நினைவூட்டும் ஓடத் திருவிழா அத்தலத்தில் ஐப்பசித் திங்களில் நடைபெறுகிறது. தலைவர் கலங்காது இறைவனைப் பாடியதனால் உடன் வந்தவரும் கலங்கவில்லை. தலைமையின் முதற்கடமை அதுவே.

எண்ணெய் சிந்திய நாள்

இவ்வுண்மைகள் இன்றைய தொண்டுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை ஒரு சூழலைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். விடுமுறை நாள் ஒன்றில் சிற்றூர்ச் சிவாலயத்துக்குப் பெரியவர் ஒருவர் இளைஞர் சிலரை உழவாரப் பணிக்கு அழைத்து வருகிறார். சிலர் திருச்சுற்றில் முளைத்த செடிகளை அகற்றுகின்றனர். சிலர் புளியிட்டு விளக்குகளைத் துலக்குகின்றனர். ஊரார் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வாங்கித் தந்த எண்ணெய் டின்னைச் சிறுவன் ஒருவன் தனியாகத் தூக்கி வருகிறான். ஈரப் படியில் கால் வழுக்குகிறது. டின் கவிழ்ந்து எண்ணெய் கருங்கல் தரையில் பரவுகிறது.

எல்லோரும் அச்சிறுவனையே பார்க்கின்றனர். அவனோ பெரியவரின் முகத்தைப் பார்க்கிறான். அப்போது கடுஞ்சொல் ஒன்று வந்தால், அவன் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடுவான். மறுமுறை கோயில் வாயிலைக் கண்டால் அச்சொல்லே அவன் நினைவுக்கு வரும். போனது ஒரு டின் எண்ணெய் என்றிருந்த நிலை மாறி, ஓர் அடியவனையே இழந்ததாக முடியும்.

“அடி பட்டதா தம்பி?” என்று பெரியவர் கேட்டால், அம்மையாரின் கை மீண்டும் ஒருமுறை நீண்டதாகும். பிறகு செய்ய வேண்டியவை பல. வழிபட வருவோர் வழுக்கி விழாதபடி அப்பகுதியைத் தடுத்து, மணலோ தவிடோ தூவி எண்ணெயை உறிஞ்சச் செய்து, தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிறுவனையும் அப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கி நிறுத்துவது அவனை மேலும் குற்றவாளியாக்கும். அனைவரும் கூடிக் குனிந்து துடைக்கும் அந்த நேரத்தில் அரிவாட்டாயர் வரலாற்றைச் சொன்னால், அது ஏட்டுக் கதையாக நில்லாமல் அவர்கள் வாழ்வோடு கலந்துவிடும்.

டின்னின் அடியில் சிறிது எண்ணெய் எஞ்சியிருக்கக்கூடும். அன்று மாலை கருவறை விளக்குக்கு அது போதும். அதனை அகலில் வார்க்கும் பணியை அச்சிறுவன் கையிலேயே ஒப்படைப்பது நன்று. நடுங்கிய கை மறுபடியும் இறைவன் பணிக்கு உரியதாகிறது என்பதை அவன் அப்போது உணர்வான்.

நன்றியும் பொறுப்பும்

இடையூறு நேர்ந்தபின் நன்றி கூறுவது, நேர்ந்த இழப்பை இல்லையென்று மறைப்பதன்று. எஞ்சியிருப்பதைக் கண் திறந்து காண்பதே நன்றி. எவருக்கும் காயம் இல்லை என்பது முதல் நன்றி. ஓடிவந்து துடைக்கப் பத்துக் கைகள் இருந்தன என்பது அடுத்தது. ஒரு விளக்குக்கேனும் எண்ணெய் எஞ்சியது என்பது மற்றொன்று. இவற்றை அன்றைய பணி முடிவில் ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லுமாறு செய்தால், இளைஞர்கள் இழப்பின் நடுவிலும் அருளை எண்ணிப் பழகுவர்.

நன்றியுணர்வு பொறுப்புணர்வை நீக்கிவிடுவதும் இல்லை. எண்ணெய் சிந்திய செய்தியைப் பொருள் தந்த ஊராரிடம் மறைக்காமல் கூற வேண்டும். அதனைக் கூறுபவர் தலைவராக இருத்தல் வேண்டும். சிறுவன்மீது பழியை ஏற்றுதல் கூடாது. கனமான டின்னை ஒருவனிடம் கொடுத்தது ஏன், ஈரப் படியைத் துடைக்காமல் விட்டது ஏன் என்பவற்றையும் ஆராய வேண்டும். அடுத்த முறை இருவராகச் சுமக்க வேண்டும். எல்லாம் இறைவன் செயல் என்று சொல்லிக் கவனத்தைக் கைவிடுவது பக்தியாகாது. நாள்தோறும் தவறாது அமுது சமைத்த தாயனாரின் ஒழுங்கும் அவருடைய அன்பின் பகுதியே ஆகும்.

இன்றைய இளைஞர்கள் தேர்விலும் வேலையிலும் சிறு தவறு நேர்ந்தாலே மனம் உடைந்து, தம்மைத் தாமே வெறுக்கும் நிலைக்குத் தள்ளப்படுவதுண்டு. ‘இனி என்ன பயன்’ என்று தாயனார் எண்ணிய அதே எண்ணம் அவர்களிடமும் எழுகிறது. அத்தகைய வேளையில் கை நீட்டிப் பற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும். கமரிலிருந்து நீண்ட திருக்கரம், பெரும்பாலும் தாயின் கையாகவும், ஆசிரியரின் கையாகவும், தோழனின் கையாகவும், உழவாரப் பணிக்கு அழைத்து வந்த பெரியவரின் கையாகவுமே இன்று நீள்கிறது. தளர்ந்தவரைத் தாங்கும் பேறு வாய்த்தவர், தம் கை வழியே இறைவன் தொண்டு கொள்கிறான் என்று மகிழ்ந்து நன்றி செலுத்துவாராக.

நிறைந்த கலத்தை ஏற்பதுபோலவே சிந்திய அமுதையும் ஏற்பவன் எம்பெருமான். தொண்டர் கொண்டு வருவது எவ்வளவு என்று அளப்பதற்கு முன், கொண்டு வந்தவரின் கையைப் பற்றுபவன் அவன். அந்த நம்பிக்கை இளம் உள்ளங்களில் வேரூன்றுமாயின் திருக்கோயில் தொண்டு தலைமுறை தலைமுறையாகத் தழைத்தோங்கும்.

திருச்சிற்றம்பலம்