இரத்தத்தோடு தொண்டையையும் படி

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளின் மரபணுத்தொகுதியைப் படித்துக் கண்காணிக்கும் பணியில் நீ சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. கருவியை இயக்கக் கற்றுத்தர உன் ஆய்வகத்தில் பலர் இருப்பார்கள். அது தரும் விடையை எதுவரை நம்பலாம் என்பது பற்றி நான் எழுதுகிறேன்.

தொண்டை வலியோடு நின்றுவிடும் அதே குரூப் ஏ ஸ்ட்ரெப், சிலருக்கு இரத்தத்திலும் மூட்டு நீரிலும் தண்டுவட நீரிலும் புகுந்துவிடுகிறது. காலையில் காய்ச்சலோடு வந்த குழந்தை மாலைக்குள் தீவிர சிகிச்சைக்குப் போக நேரலாம். அந்த மாதிரிகள்தான் உன் மேசைக்கு முதலில் வரும். அவற்றை மட்டும் படித்தால் போதும் என்று ஒருநாளும் நினைக்காதே. நான் சொல்லவந்த புத்திமதி இதுதான்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பார். 2014 முதல் அங்கே, இதே கிருமி உண்டாக்கும் ஸ்கார்லெட் காய்ச்சல் பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குப் பெருகியது. 2016-இல் உள்ளே ஊடுருவும் தொற்றும் கூடியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஷிரானி ஸ்ரீஸ்கந்தனும் அவரது குழுவினரும் இரத்த மாதிரிகளோடு நிற்கவில்லை. வடமேற்கு லண்டனில் மேல் சுவாசப் பாதையிலிருந்து எடுத்த மாதிரிகளையும் எடுத்துக்கொண்டார்கள். 2014 முதல் 2016 வரை மூன்று ஆண்டுகளிலும் மார்ச் முதல் மே வரையான அதே பருவத்தை ஒப்பிட்டார்கள். இந்தக் கிருமியின் பல வகைகளில் ஒன்றான எம்1-இன் பங்கு 2014-இல் 5 சதவீதம், 2015-இல் 19, 2016-இல் 33 என்று ஏறியிருந்தது.

பிறகு, 2009 முதல் 2016 வரை சேமித்து வைத்திருந்த எம்1 கிருமிகளில், ஊடுருவிய தொற்றிலிருந்து 552, ஊடுருவாத தொற்றிலிருந்து 135 என்று எடுத்து அவற்றின் மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். உலகெங்கும் ஏற்கெனவே பரவியிருந்த எம்1-இலிருந்து மரபணுத்தொகுதியில் 27 ஒற்றை எழுத்து மாற்றங்களால் பிரிந்த ஒரு புதிய வழித்தோன்றல் வெளிப்பட்டது. அதற்கு எம்1 யூகே என்று பெயரிட்டார்கள். ஸ்கார்லெட் காய்ச்சலோடு தொடர்புள்ள ஸ்பீ-ஏ நச்சை அது பழைய எம்1-ஐவிடச் சுமார் ஒன்பது மடங்கு சுரந்தது. 2016-இல் படித்த எம்1 கிருமிகளில் 84 சதவீதம் அதுவே. 2019-இல் இந்த ஆய்வு வெளியானது.

எம்1 யூகே என்ற அந்தக் கிளையில் தொண்டைக் கிருமியும் ஸ்கார்லெட் காய்ச்சல் கிருமியும் இரத்தக் கிருமியும் கலந்தே இருந்தன. உயிரைப் பறிக்கும் கிருமிக்கென்று தனி வம்சம் இல்லை. பள்ளிக்கூடத்துத் தொண்டைகளில் பெருகியதுதான் சிலரின் இரத்தத்துக்குள் போனது. பழைய ஃப்ரீசரை யாராவது காலி செய்திருந்தால், லேசான நோய் என்று தொண்டை மாதிரிகளைத் தூக்கி எறிந்திருந்தால், இது தெரிய வந்திருக்காது. ஆகவே உன் ஆய்வகத்தில் முதல் வேலையாக, எந்த மாதிரி சேமிக்கப்படுகிறது, எது குப்பைக்குப் போகிறது என்று கேள்.

மாதிரியோடு வரும் படிவத்தைக் கிருமிக்குச் சமமாக மதி. எடுத்த நாள், ஊர், வயது, உடலில் எந்த இடம், அதற்கு முன் ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா என்பவை இல்லாத மரபணுத்தொகுதி, ஊர் பேரில்லாத மணியார்டர் போன்றது. எத்தனை பேர் வாழும் பகுதியிலிருந்து இவை வருகின்றன என்பதையும் தெரிந்துகொள். அது தெரியாமல் நோய் கூடியது என்று சொல்லாதே, சோதனை கூடியிருக்கலாம்.

இருவரின் கிருமி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாலும், இவரிடமிருந்து அவருக்கு வந்தது என்று அறிக்கையில் எழுதிவிடாதே. நோயே இல்லாமல் தொண்டையில் கிருமியைச் சுமக்கும் மூன்றாமவர் இருவருக்கும் கொடுத்திருக்கலாம். அவருடைய மாதிரி உன்னிடம் வரவே வராது. வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு, யார் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு நீ அவசரப்பட்டுச் சொல்லும் விடை ஒரு குடும்பத்தையே உடைத்துவிடும்.

கணினி காட்டும் மாற்றம் ஒரு சந்தேகம்தான். எம்1 யூகேயின் 27 மாற்றங்களில் எது நச்சைக் கூட்டியது என்பதை வம்சவரைபடத்தால் மட்டும் சொல்ல முடியவில்லை. நச்சு மரபணுவுக்கு அண்டையில் உள்ள எஸ்எஸ்ஆர்ஏ என்ற மரபணுவின் முன்பகுதியில் உள்ள ஒரே ஓர் எழுத்துதான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். அதற்கு ஆய்வக மேசையில் கிருமியை வளர்த்து, எழுத்தை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த மேசை வேலை தெரிந்தவர்களோடு நட்பாக இரு.

புதிதாக ஒன்றும் இல்லை என்ற விடையையும் உரக்கச் சொல். 2022 டிசம்பரில் இங்கிலாந்தில் இந்தத் தொற்றால் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, புதிய கிருமி வந்துவிட்டதா என்பதே பெற்றோரின் பயமாக இருந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று சுகாதாரத் துறை சொல்ல முடிந்தது. கோவிட் காலத்தில் குழந்தைகள் ஒருவரோடொருவர் பழகாமல் இருந்ததும், பிறகு ஒரேயடியாகக் கலந்ததும் நோய் கூடியதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற பக்கம் கவனம் திரும்பியது. முந்தைய ஆண்டுகளில் பொறுமையாகச் சேர்த்த மரபணு வரிசைகள்தான் அந்த நாளில் கைகொடுத்தன.

குரூப் ஏ ஸ்ட்ரெப் இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. மருந்து இருக்கும் நோயில் தாமதம்தான் ஆளைக் கொல்கிறது. ஆகவே ஆய்வுக்கட்டுரை அச்சாகும்வரை எதையும் பொத்தி வைக்காதே. ஒரு வகை ஏறுகிறது என்று கண்டால் அன்றே வார்டு மருத்துவருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் போன் செய். அவர்களுக்குப் புரியும் நாலு வரியில் சொல். அடுத்த காய்ச்சல் குழந்தையை அவர்கள் சற்று முன்னதாகவே சந்தேகித்தால், உன் வேலை முடிந்தது.

அன்புடன்,
உன் மூத்த சக பணியாளர்