தெளிவாகத் தெரியும் கண்ணும் பழுதுபட்டிருக்கலாம்: நீரிழிவும் பார்வையும் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடத்தப்பட்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டின் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏழு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டுள்ளது. செங்கோட்டையும் தென்காசியும் குற்றாலமும் சேர்ந்த மலையடிவாரப் பகுதி இந்தக் கணக்கிலிருந்து தப்பியிருக்கும் என்று கருத இடமில்லை. ‘சுகர்’ என்ற சொல்லை அறியாத வீடே அரிதாகிவிட்ட இக்காலத்திலும், அந்நோய் கண்ணை எவ்வாறு தாக்குகிறது என்பது குறித்து ஊரில் உலவும் நம்பிக்கைகள் பல, காக்கக்கூடிய பார்வையைக் காக்கவிடாமல் செய்து வருகின்றன.

அவற்றுள் எல்லாவற்றிற்கும் வேராக இருப்பது, ‘பார்வை நன்றாகத் தெரிகிறது, ஆகவே கண்ணுக்கு ஒன்றும் இல்லை’ என்ற நம்பிக்கையாகும். இது தவறு என்பதை அறிய, கண்ணின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை என்ற மெல்லிய நரம்புப் படலத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிக் காண வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்கும்போது, விழித்திரைக்கு உணவூட்டும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் மடிந்துபோக, சுவர் வலுவிழந்து ஆங்காங்கே நுண்ணிய குமிழ்களாகப் புடைக்கிறது. விழித்திரையை ஒளிப்படம் எடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு இக்குமிழ்கள் ஊசிமுனை அளவிலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். கரை அரித்த வாய்க்காலிலிருந்து நீர் வயலுக்குள் கசிவதைப் போல, இக்குழாய்களிலிருந்து நீரும் கொழுப்பும் கசிந்து, மஞ்சள் நிறத் திட்டுகளாக விழித்திரையில் படிகின்றன. இந்நிலை வரையிலும் நோயாளி தினத்தாளின் சிறிய எழுத்தைக்கூடத் தடையின்றிப் படித்துக்கொண்டிருக்கலாம். ஏனெனில் எழுத்தையும் முகத்தையும் கூர்ந்து காண உதவுவது விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்ற சிறு பகுதி மட்டுமே. கசிவு அதைத் தொடாதவரை பார்வை குறைவதில்லை, வலியும் இல்லை, கண் சிவப்பதும் இல்லை.

நோய் முற்றும்போது நுண்குழாய்கள் பல அடைபட்டு, இரத்தம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை வளரத் தூண்டும் ஒரு வகைப் புரதத்தைச் சுரக்கிறது. அவ்வாறு முளைக்கும் புதுக் குழாய்கள் பலமற்றவையாதலால் எளிதில் உடைந்து, கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் கூழ்போன்ற பொருளுக்குள் இரத்தம் கசிய, நேற்றுவரை தெளிவாக இருந்த கண்ணில் இன்று காலை கரும்பூச்சிகள் பறப்பது போலவோ, திரை விழுந்தது போலவோ தோன்றுகிறது. நோயாளிக்கு அது ஒரே நாளில் வந்த நோயாகத் தெரிந்தாலும், அதன் பின்னால் ஓசையில்லாமல் கழிந்த ஆண்டுகள் பல இருக்கும். ஒரு கண்ணில் நேரும் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதும், அறிகுறிக்காகக் காத்திருப்பவர்கள் மேலும் தாமதமாக வருவதற்குக் காரணமாகிறது.

சென்னை நகர்ப்புறத்தில் நடத்தப்பட்டு 2005-லும் 2009-லும் வெளியான இரண்டு தனித்தனி ஆய்வுகள், நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதைக் கண்டன. நோயின் வயது கூடக்கூட இவ்விகிதமும் கூடும். ஆகவேதான், நடுவயதிலும் அதற்குப் பின்னும் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்றும், குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்கி இன்சுலின் ஊசியையே சார்ந்திருக்கும் முதல் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் சோதனை நடக்க வேண்டும் என்றும், அதன்பின் குறை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதனை தொடர வேண்டும் என்றும் மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. இரண்டாம் வகையில் நோய் கண்டறியப்படும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கும் என்பதே இந்த அவசரத்திற்குக் காரணம்.

பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்குச் சென்று பவர் மாற்றிக்கொள்வது போதும் என்ற நம்பிக்கையும் இதனோடு பிணைந்ததே. சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை நீரை உறிஞ்சி வீங்குவதும் வற்றுவதுமாக இருப்பதால், பார்வையின் பவரும் நிலையின்றி மாறும். இதனால் சர்க்கரை கட்டுக்குள் வராத காலத்தில் வாங்கிய கண்ணாடி சில வாரங்களிலேயே பொருந்தாமல் போய்விடுகிறது. எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்து பவர் காணும் சோதனை, விழித்திரையை எட்டிப் பார்ப்பதே இல்லை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்ப்பதோ, விழித்திரையை ஒளிப்படம் எடுப்பதோதான் உண்மையான சோதனை. பேச்சு வழக்கில் ‘கண் நரம்பு பார்ப்பது’ எனப்படுவது இதுவே.

இலவச முகாமில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் வேறொரு தவறான நிம்மதி காணப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரை பிறரைவிட இளம் வயதிலேயே வருவது உண்மைதான். அதை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தால் வில்லையின் மங்கல் நீங்குவதும் உண்மைதான். ஆனால் அந்த அறுவை விழித்திரையைத் தொடுவதில்லை என்பதோடு, ஏற்கெனவே விழித்திரையில் கசிவு உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் மாக்குலாவின் வீக்கம் கூடவும் கூடும். எனவே ‘ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனிக் கண்ணைப் பற்றிக் கவலையில்லை’ என்று இருந்துவிடுவது பெரும் இழப்பில் கொண்டுபோய் விடக்கூடியது. இதற்கு நேர்மாறாக, சுகர் உள்ளவர்கள் கண் அறுவையே செய்யக்கூடாது என்று அஞ்சுவோரும் உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து முறையாகச் செய்தால் அதற்குத் தடையில்லை.

உணவைப் பொறுத்தவரை, காப்பியில் சீனியை நிறுத்திவிட்டால் கண் தப்பிவிடும் என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. சீனி சேராத காப்பியைக் குடித்துவிட்டு, மூன்று வேளையும் அரிசிச் சோற்றையும் இட்லியையும் நிறைய உண்பவருக்கும், செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரின் புகழ்பெற்ற புரோட்டாவை விட மனமில்லாதவருக்கும், மாவுச்சத்து அனைத்தும் குடலில் சர்க்கரையாகவே மாறுகிறது என்பது சொல்லப்பட வேண்டிய செய்தி. மூன்று மாத காலச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையே சர்க்கரை கட்டுக்குள் உள்ளதா என்பதற்கு நம்பகமான சான்று. வழக்கமான சர்க்கரைச் சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உணவைக் குறைத்துக்கொண்டு பெறும் நல்ல எண்ணால் கண்ணுக்குப் பயனில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவாளர்களிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான பெரும் ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. கண் சர்க்கரையால் மட்டும் கெடுவதில்லை என்பதை 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதில் இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய இரண்டாம் வகை நோயாளிகளிடம் விழித்திரைப் பாதிப்பு முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிரஷர் மாத்திரையும் கண்ணைக் காக்கும் மருந்துதான் என்பது ஊரில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

குற்றாலச் சீசனில் சாரலோடு சேர்த்து மூலிகைக் கடைகளும் களைகட்டும். சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை ஆகியவற்றின் பொடிகளைச் சர்க்கரைக்கென வாங்கிச் செல்பவர்களில் சிலர், மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் இங்குள்ள ஆபத்து. பொடியை நம்பி மருந்தை விட்ட மாதங்களில் சர்க்கரை ஏறி, அந்த ஏற்றத்தை விழித்திரை தாங்க வேண்டியதாகிறது. நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடுவது பழைய வழக்கமாக இருந்தாலும், கண்ணின் மேற்பரப்பில் விழும் எந்தச் சொட்டும் பின்புறத்து நுண்குழாய்களின் கசிவை நிறுத்தாது என்பதோடு, தூய்மையற்ற சாறு கருவிழியில் புண்ணை உண்டாக்கவும் கூடும். பொன்னாங்கண்ணி நல்ல கீரைதான். ஆனால் அதை உண்டதால் விழித்திரைச் சோதனை தேவையற்றதாகிவிடாது.

விழித்திரைக்கு லேசர் வைத்தால் இருக்கும் பார்வையும் போய்விடும் என்ற அச்சமே, வந்த நோயாளியையும் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுகிறது. பார்வையைத் திருப்பித் தருவது லேசரின் முதன்மை நோக்கம் அன்று. புதுக்குழாய்கள் வளர்வதைத் தடுத்து, இருக்கும் பார்வையைக் காப்பதே அதன் பணி. முற்றிய நிலையில் கடுமையான பார்வை இழப்பை லேசர் பாதிக்குமேல் குறைக்கிறது என்பதை 1976-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவிவிட்டது. விரிவாகச் செய்யும்போது இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் ஓரளவு குறையலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிகத் தாமதமாக வந்து லேசர் செய்துகொண்டவருக்குப் பின்னர் இரத்தக் கசிவு ஏற்பட்டால், பழி நோயின் மேல் விழாமல் லேசரின் மேல் விழுகிறது. அச்சம் பரவுவது பெரும்பாலும் இவ்வழியில்தான். மாக்குலா வீங்கியிருப்பவர்களுக்கு, புதுக்குழாய்களைத் தூண்டும் புரதத்தை அடக்கும் மருந்தை ஊசியால் கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். மரப்பு மருந்து விட்டபின் செய்வதால் வலி குறைவே. ஆனால் ஓர் ஊசியோடு முடியாமல் பல மாதங்களுக்குத் தொடர வேண்டியிருப்பதை முதலிலேயே விளக்கிவிட்டால், பாதியில் விடுவோர் குறைவர்.

இவற்றைச் செய்யும் இடங்களைப் பொறுத்தவரை, மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை திருநெல்வேலியிலும் இயங்குகிறது. அம்மருத்துவமனையும் சென்னைச் சங்கர நேத்ராலயாவும் விழித்திரை ஒளிப்படத்தைக் கணினியைக் கொண்டு கணிக்கும் ஆய்வுகளில் பங்கேற்றன. கணினிக் கணிப்பு வந்துவிட்டதால் மருத்துவரே வேண்டாம் என்று எண்ணுவது சரியன்று. யாரை உடனடியாக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிய அது உதவுகிறது, சிகிச்சை தருவதில்லை.

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ விழித்திரைச் சோதனைக்காகச் செல்பவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. சொட்டு மருந்து விட்டபின் பாவை விரிய அரைமணி நேரம்வரை ஆகும். அதன்பின் சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரிந்து, வெயில் கண்ணைக் கூசவைக்கும். பைக் ஓட்டி வீடு திரும்ப முடியாது என்பதற்காகவே சோதனையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. பேருந்தில் போய் வரலாம். சோதனையின் இடைவெளியைப் பொறுத்தவரை, கர்ப்பிணிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு பொருந்தாது. முன்பே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் விழித்திரைப் பாதிப்பு விரைந்து முற்றக்கூடும் என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பும், முதல் மூன்று மாதங்களுக்குள்ளும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளிகளிலும் அவள் கண்ணைக் காட்ட வேண்டும்.