ஐலண்ட்: ஒலிக்காத ஓர் எழுத்து

சென்ற வருடம் ஆங்கில மொழித் தினப் போட்டி ஒன்றில் எனது ஊரைப் பற்றிப் பேசினேன். என் ஊர் நயினாதீவு. இரவிரவாக எழுதி மனனம் செய்துகொண்டு போயிருந்தேன். ஆனால் முதல் வசனத்திலேயே "இஸ்லண்ட்" என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. திருத்திச் சொல்ல நினைத்து "ஐஸ்லண்ட்" என்றேன். அது வட அத்திலாந்திக்கில் உள்ள வேறொரு நாடு! சிரிப்பு இன்னும் கூடியது. தீவிலே பிறந்தவளுக்குத் தீவு என்ற சொல்லைச் சொல்லத் தெரியவில்லையே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதன் பிறகுதான் அந்தச் சொல்லை அகராதிகளில் தேடத் தொடங்கினேன். தேடிக் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எஸ் எங்கிருந்து வந்தது?

அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்தால் "ஐலண்ட்". நடுவில் உள்ள எஸ் ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் எஸ் இருக்கவே இல்லை. நீர் சூழ்ந்த நிலத்தைக் குறித்த பழஞ்சொல் ஒன்றுடன் "லண்ட்" சேர்ந்து உருவானது அது. தீவுக்கு ஆங்கிலத்தில் "ஐல்" என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது இலத்தீன் மொழியின் "இன்சுலா" என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதில் எஸ் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்று தவறாக எண்ணிய கல்விமான்கள், ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டில் ஐலண்டுக்குள்ளும் ஓர் எஸ்ஸைப் புகுத்திவிட்டார்கள். எழுத்து மாறியது, உச்சரிப்பு மாறவில்லை. ஆக, முதலில் பிழை விட்டது நான் அல்ல! இதை அறிந்த அன்று எனக்குப் பாதி வெட்கம் போய்விட்டது.

எப்படிப் பயன்படுத்துவது?

பரீட்சையில் நாம் புள்ளி இழக்கும் இடம் இது. நாடாக உள்ள பெரிய தீவின் பெயருக்கு முன் "இன்" வரும்: "இன் ஸ்ரீலங்கா". ஐலண்ட் என்ற சொல்லுக்கும் சிறிய தீவின் பெயருக்கும் முன் "ஒன்" வரும்: "ஒன் அன் ஐலண்ட்", "ஒன் டெல்ஃப்ட்". ஆகவே நெடுந்தீவுத் தங்கை ஒருத்தி "ஐ லிவ் ஒன் டெல்ஃப்ட்" என்று எழுத வேண்டும். தீவில் வாழ்பவர் "ஐலண்டர்". பெருந்தெருவின் நடுவே வாகனங்களைப் பிரிக்கக் கட்டப்படும் திட்டும் ஐலண்ட்தான்.

இந்த டெல்ஃப்ட் என்ற பெயரும் ஒரு சரித்திரம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நமது தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது.

மற்ற மொழிகளில்

தமிழின் "தீவு", சமஸ்கிருத "த்வீப" என்பதிலிருந்து வந்தது. இருபுறமும் நீர் உள்ளது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அரபியில் "ஜஸீரா". அதன் வேர்ச்சொல்லுக்கு வெட்டுதல், கடல் நீர் வற்றுதல் ஆகிய பொருள்கள் உண்டு. முழுவதும் கடல் சூழாத அரேபியக் குடாநாட்டையும் அரபியில் "ஜஸீரதுல் அரப்" என்றே அழைக்கிறார்கள். அல்ஜீரியா என்ற நாட்டின் பெயருக்கும் "தீவுகள்" என்பதே பொருள்.

உம்மும்மா கேட்ட கேள்வி

இலத்தீன் "இன்சுலா" இத்தாலிய மொழிக்குள் சென்று, அங்கிருந்து "ஐசொலேட்" என்ற சொல்லும் பிறந்தது. தீவைப் போலத் தனிமைப்படுத்துதல் என்று பொருள். எனது பேச்சிலும் "மை ஐலண்ட் இஸ் அன் ஐசொலேட்டட் பிளேஸ்" என்று எழுதியிருந்தேன். அதை வீட்டில் சொல்லிப் பார்த்தபோது உம்மும்மா அர்த்தம் கேட்டா. "தனிச்சுப்போன இடம் உம்மும்மா" என்றேன்.

"ஆர் தனிச்சது? அம்மன் கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு சனம் வருது, விகாரைக்குத் தெற்கிலயிருந்து எவ்வளவு சனம் வருது. எங்கட பள்ளியில பாங்கு சொன்னா எல்லாருக்கும்தானே கேக்குது. கடல் எங்களுக்கு மதிலில்ல மகள், ஒழுங்கை" என்றா.

அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு உயிரியல் பாடத்தில் சதையியைப் படித்தோம். அதற்குள் சிறு சிறு கலக்கூட்டங்கள் உள்ளன. 1869இல் அவற்றை முதலில் விவரித்தவர் போல் லாங்கர்ஹான்ஸ். இன்று அவற்றை லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் என்கிறோம். அவை சுரக்கும் ஓமோனுக்கு, தீவு என்ற அதே "இன்சுலா"விலிருந்துதான் இன்சுலின் என்று பெயர் வந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவை தனித்த திட்டுகள் போலத் தெரியும். ஆனால் அவை சுரப்பது நேரே குருதியில் கலந்து உடல் முழுவதும் போகிறது. அந்தத் தீவுகள் வேலை செய்யாவிட்டால் முழு உடலும் வருந்தும்.

என் உம்மும்மாவுக்குச் சீனி வருத்தம். பாட நாட்களில் நான் பட்டினத்தில் மாமி வீட்டில் தங்குகிறேன். வெள்ளி பின்னேரம் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து படகு ஏறுவேன். சில வாரங்களில் என் கையில் ஐஸ் போட்ட சிறு பெட்டி இருக்கும். அதற்குள் அவவுடைய இன்சுலின். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் "ஐசொலேட்" என்ற சொல்லின் பொருள் எங்களுக்கு நன்றாகவே விளங்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் படகு ஓடும் நாட்களே அதிகம்.

உம்மும்மா பாடசாலையில் அதிகம் படித்தவ அல்ல. இருந்தாலும் எனது வசனத்தில் இருந்த பிழையை நடுவர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவ அவதான்.

தங்கைமாரே, ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்துவிட்டால் வெட்கப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். அகராதியைத் திறந்து பாருங்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். இந்த வருடமும் நான் அதே தலைப்பில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். "ஐசொலேட்டட்" என்ற சொல்லை வெட்டிவிட்டேன். "ஐ லிவ் ஒன் அன் ஐலண்ட்" என்று தொடங்கப் போகிறேன், எஸ் இல்லாமல்.