உலை வைக்கப் போகிற தம்பிகளுக்கு

கப்பலூர் சிட்கோவில் ஷெட் பிடித்து வார்ப்படப் பட்டறை போடப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் எல்லோரும் கோயம்புத்தூர்க்காரர்கள் ஜெயித்த கதையைத்தான் சொல்கிறார்கள். நான் தோற்றவர் கதையைச் சொல்வேன். ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சேலத்தில் இருந்தவர். 1825 வாக்கில் உத்தியோகத்தை விட்டார், இங்கிலாந்து போய் இரும்புத் தொழில் படித்தார், 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார்.

1. முதலில் கரிக்கணக்கு. சேலத்துக் கஞ்சமலையில் காந்தக்கல் தாது உண்டு. ஆனால் பக்கத்தில் நிலக்கரி இல்லை, மரக்கரிதான் கதி. வெட்ட வெட்டக் காடு தள்ளிப் போகும், வண்டிக்கூலி ஏறும். ஹீத்தின் பட்டறையை இழுத்துச் சாய்த்ததில் பெரிய பங்கு இதற்கு உண்டு. உங்களுக்குக் கரி என்பது கரண்ட் பில். உலை சும்மா கிடந்த மாதத்துக்கும் டிமாண்ட் சார்ஜ் வரும். அதை எழுதிவிட்டு அப்புறம் லாபத்தை எழுதுங்கள்.

2. அடுத்தது வண்டிக்கூலி. சேலத்துத் தாதுவைப் பரிசலில் ஏற்றி, காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடலோரப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் உலைக்குத் தாது இல்லை. தூத்துக்குடி லாரி வாடகையையும் நம்ம டோல்கேட்டையும் விலைக்குள் வைக்காமல் கொட்டேஷன் கொடுக்காதீர்கள்.

3. ஊர்க் கைவேலையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஹீத் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. நம் கொல்லர்கள் சின்னக் களிமண் மூசையில் இரும்புத் துண்டைப் போட்டு, கூடவே ஆவாரங்கட்டைச் சிராயும் எருக்கிலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி உருக்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் உள்ளே எஃகு. கட்டையிலும் இலையிலும் இருக்கிற கரிதான் இரும்புக்குள் ஏறுகிறது. ஹீத் இதை உட்கார்ந்து பார்த்து, 1839இல் கட்டுரையாகவே எழுதினார். உங்கள் ஷெட்டில் மணல் பார்க்கிற பெரியவர் பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தே ஈரம் சொல்வார். லேப் ரிப்போர்ட் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

4. அட்வான்ஸ் பணம் முதல் அல்ல. சென்னை அரசாங்கம் ஹீத்துக்குத் தனி உரிமையும் கொடுத்தது, முன்பணமும் கொடுத்தது. 1833இல் கம்பெனி, 1853இல் வேறு பெயரில் இன்னொரு கம்பெனி. பெயர்ப்பலகை மாறியது, நஷ்டம் மாறவில்லை.

5. பெருமைக் கதைகளுக்குத் தேதி பாருங்கள். பரங்கிப்பேட்டை இரும்பில்தான் பிரிட்டனின் மெனாய் தொங்குபாலம் கட்டினார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பாலம் திறந்தது 1826. ஹீத்தின் உலை 1830. பார்ட்டி சொல்கிற ஆர்டர் கதைக்கும் இதே சோதனைதான்.

6. கடைசியாக, காகிதம். ஹீத்தின் உண்மையான கண்டுபிடிப்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது. எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால், மட்ட இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும், காய்ச்சி அடித்தால் ஒட்டும், விலையும் இறங்கும். 1839இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்த கார்புரெட்டைப் போடுவது என்று எழுதிவிட்டார். இரண்டையும் தனித்தனியாக மூசையில் போட்டாலும் அதே வேலை நடக்கும், செலவும் குறைவு. அவருடைய முகவராக இருந்த அன்வின் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். காப்புரிமை என்னைக் கட்டாது என்றார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. முடிவைப் பார்க்காமலே ஹீத் செத்துப்போனார். 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஷெஃபீல்டு ஊரே அவர் முறையில் சம்பாதித்தது.

ஆகவே தம்பிகளா, ஜாப் ஒர்க் ஒப்பந்தம் வந்தால் பேட்டர்ன் யாருடையது, ரிஜெக்‌ஷன் யார் கணக்கு, எத்தனை நாளில் பணம், இந்த மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் என்னிடம் கொண்டுவாருங்கள்.