எண்ணெய்ச் சட்டி கற்பித்த பாடம்

தீபாவளியோ கிறிஸ்துமஸோ நெருங்கிவிட்டால், மாலை வேளையில் நம் மதுரைத் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் முறுக்கு, அடுத்த வீட்டில் அதிரசம், மூன்றாவது வீட்டில் மசாலா தடவிய கோழி! எங்கே என்ன வேகிறது என்று மூக்கே சொல்லிவிடும். அந்த மணத்திற்குப் பின்னால் உள்ள அபாயத்தை நாம் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை வரை.

அன்று பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் அக்கா, கழுவிய கோழித் துண்டுகளை நீர் வடியவிடாமல் காய்ந்த எண்ணெயில் போட்டாள். படபடவென்று வெடித்து எண்ணெய் தெறித்தது. அவளுடைய வலது மணிக்கட்டு வெந்து சிவந்தது. பொதுத்தேர்வு எழுத வேண்டிய கை அது! இது ஏன் நேர்ந்தது என்று அறிய விரும்பினேன். அதன் பயனே இக்கட்டுரை.

பொரிதல் என்றால் என்ன?

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. நாம் பலகாரம் சுடும் எண்ணெயோ ஏறத்தாழ 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருக்கிறது. ஆயினும் எண்ணெய் கொதிப்பதில்லை. முறுக்கைப் போட்டதும் நாம் காணும் நுரை, மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதே. அவ்வாறு ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே அதிகம் புக முடியாது. மேற்புறம் மட்டும் உலர்ந்து, பொன்னிறமாகி, மொறுமொறுப்பாகிறது. உள்ளே கோழி மெத்தென்று வேகிறது. நுரை அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது என்று நம் பாட்டிமார் கண்டது இதனால்தான்.

எண்ணெய் சரியாகக் காயாவிட்டாலும், ஒரே ஈட்டில் அளவுக்கு மேல் போட்டாலும் சூடு குறையும். மேற்புறம் விரைவில் இறுகாது. பலகாரம் எண்ணெய் குடித்துவிடும்.

சுவை தரும் நீரே சுடவும் செய்யும்

ஒரு துளி நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகையால் சட்டியில் விழும் துளி அடியில் சென்று, அங்கே திடீரென ஆவியாகி, மேலுள்ள எண்ணெயை வாரி இறைக்கிறது. அக்காவுக்கு நேர்ந்தது இதுவே. சீடை வெடிப்பதும் இவ்வாறே: அழுத்தி உருட்டிய உருண்டையின் மேலோடு இறுகிவிட, உள்ளே சிறைப்பட்ட ஆவி ஓட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. அதனால்தான் மாவைச் சலித்து, சீடையை அழுத்தாமல் உருட்டச் சொல்கிறார்கள்.

இதன் பெரிய வடிவத்தை அமெரிக்காவில் காணலாம். அங்கே நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். அன்று முழு வான்கோழியையே எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் லூசியானா பகுதியிலிருந்து பரவியது. அதற்கு அவர்கள் விரும்பிப் பயன்படுத்துவது நமக்குப் பழகிய கடலை எண்ணெய்தான். அடுப்பில் வாட்டினால் மூன்று மணி நேரம் ஆகக்கூடிய ஐந்து கிலோ பறவை, எண்ணெயில் முக்கால் மணி நேரத்திற்குள் வெந்துவிடும். ஆனால் உள்ளே உறைபனி கரையாத வான்கோழியை இறக்கினால், அத்தனை பனியும் ஆவியாகி எண்ணெயைப் பொங்கச் செய்யும். வழிந்த எண்ணெய் நெருப்பில் பட்டுத் தீப்பிடிக்கும். இவ்வாறு வீடுகளே எரிந்ததுண்டு. ஆகவே அறிந்தவர்கள் வீட்டிற்கு வெளியே, திறந்த வெளியில் பொரிக்கிறார்கள். முதலில் பாத்திரத்தில் பறவையை வைத்துத் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு எண்ணெய் தேவை என்று அளந்துகொள்கிறார்கள். பிறகு பாத்திரத்தையும் பறவையையும் நன்றாகத் துடைத்து உலர்த்துகிறார்கள். ஆர்க்கிமிடீஸின் பாடம் சமையலறையிலும் உதவுகிறது!

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது. சட்டி, கரண்டி, கை எதிலும் ஈரம் கூடாது.

2. இறைச்சியை வடியவிட்டுத் துணியால் ஒற்றி, சட்டியின் ஓரமாக மெதுவாக இறக்க வேண்டும். உயரத்திலிருந்து போடலாகாது.

3. தாவணியையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகி, பின்னலை முடிந்துகொள்ள வேண்டும். நைலான் ஆடை ஆகாது.

4. எண்ணெய் புகைந்தால் அதுவே எச்சரிக்கை. உடனே அடுப்பை அணைக்க வேண்டும்.

5. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியை ஓரத்திலிருந்து நகர்த்தி மூட வேண்டும். தீ அடங்காவிட்டால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும்.

சுட்டுவிட்டால்

அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு பேனா மையை எடுத்து வந்தார். அம்மா அதைத் தடுத்து, அக்காவின் வளையல்களைக் கழற்றி, கையைக் குழாயடியில் இருபது நிமிடம் பிடித்திருந்தார். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மை, பற்பசை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். ஓடும் தண்ணீர் ஒன்றே முதல் மருந்து. சட்டித் தீயில் ஊற்றக் கூடாத அதே தண்ணீர்தான் சுட்ட கையைக் காக்கிறது!

அக்காவின் கை தழும்பின்றி ஆறியது. மார்ச் மாதம் அதே கையால் தேர்வு எழுதினாள். இந்த ஆண்டும் கோழி பொரிக்கப் போவதாகச் சொல்கிறாள். துடைக்கும் துணியை மட்டும் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

தோழியரே, பண்டிகை நாளில் சமையலறைக்குள் செல்லும்போது நீங்களும் அந்தத் துணியை மறவாதீர்கள்.