‘நைட்டு’ முதல் ‘இரவு’ வரை

மீஞ்சூர்ப் பகுதி மாணவர் பலருக்கு ‘இரவு’ பாடநூல் சொல். வீட்டில் அப்பாவுக்கு ‘நைட் ஷிப்ட்’, பாட்டிக்கு ‘ராத்திரி’. தெலுங்கு பேசும் வீட்டில் ‘ராத்ரி’, வடமாநிலத் தொழிலாளர் வீட்டில் ‘ராத்’. மாணவர் ஏட்டில் இவற்றை அடித்துத் திருத்தும் முன், கரும்பலகையில் வரிசையாக எழுதச் செய்யலாம்.

ராத்திரி, ராத்ரி, ராத் மூன்றும் வடமொழி வழி வந்தவை. ஆங்கில ‘நைட்’டும் ஸ்பானிய ‘நோச்சே’யும் ஒரே மூலத்தின் கிளைகள். ‘இரவு’ தமிழ்ச்சொல், ‘இருள்’ அதன் உறவு.

‘இரா’ என்னும் வடிவமும் உண்டு. குறிலை அடுத்த ஆகாரம் செய்யுளில் குறுகி உகரம் ஏற்கும் என்கிறது நன்னூல். இரா–இரவு, நிலா–நிலவு, கனா–கனவு எனக் காட்டி, விழா, சுறா ஆகியவற்றை மாணவரே மாற்றிப் பார்க்கட்டும். ‘இராப்பகல்’ என்ற சொல்லில் பழைய வடிவம் இன்றும் வாழ்கிறது.

ஓர் எச்சரிக்கை: திருக்குறளின் 106ஆம் அதிகாரமான ‘இரவு’ பொழுதைக் குறிப்பதன்று. ‘இர’ என்னும் வினையடியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு யாசித்தல் என்று பொருள். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

செயல்பாடு: சிறுபொழுது ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். இரவு 10 முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடியும் இரவுப்பணி எந்தெந்தப் பொழுதுகளில் அடங்கும்? தம் வீட்டார் விழித்திருக்கும் பொழுதுகளுக்குத் தமிழில் பெயர் உண்டு என்று மாணவர் அறியும்போது, பாடநூல் சொல் அவர்கள் வீட்டுச் சொல்லாகும்.